குறைக்கத்தானே கேட்டேன்

1

மனு போட்டது நான்தான். யாரோ என்னைக் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு அடிபடுவதாக அத்தை போனில் சொன்னாள். அதனால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். என் மகளுக்காக மாதாமாதம் நான் கட்டிவரும் செலவுத் தொகையைக் குறைக்கச் சொல்லி, திருவனந்தபுரம் குடும்ப நீதிமன்றத்தில் நானே கையெழுத்துப் போட்டு, நானே வக்கீல் ஃபீஸ் கொடுத்துப் போட்ட மனு அது. போன வாரம் உத்தரவு வந்தது. ஜெயித்தேனா தோற்றேனா என்று வக்கீலைக் கேட்டால் ஒரு பதில் சொல்வார். என்னைக் கேட்டால் வேறு பதில்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதும் குறிப்புகளை நானும் படிக்கிறேன். பனி, தனிமை, தமிழ் மறந்துபோன பிள்ளைகள் என்று உருகி உருகி எழுதுகிறார்கள். படிக்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். அவர்களுக்குப் புலம்பெயர்ந்தவர்கள் என்று ஒரு பட்டம் கிடைத்துவிடுகிறது. ஊருக்கு வந்தால் விசாரிக்க ஆள் வருகிறது. பாளையங்கோட்டையிலிருந்து மலைக்கு இந்தப் பக்கம் வந்த எனக்கு அதெல்லாம் கிடையாது. "திருவனந்தபுரந்தான, பக்கத்துலதான இருக்க" என்று முடித்துவிடுகிறார்கள். பஸ் போர்டு படிக்க எழுத்து எழுத்தாக உட்கார்ந்து கற்றவள் நான். என் மகளுக்கு இன்றுவரை தமிழ் படிக்கத் தெரியாது. கடல் தாண்டினால்தான் கணக்கில் சேர்ப்பார்கள் போலிருக்கிறது.

வந்த புதிதில் மேனேஜரிடம் போய், "சார், எனிக்கு ஒரு அவசரம் உண்டு" என்றேன். ஊரில் மாமாவுக்கு ஆபரேஷன், லீவு கேட்கப் போயிருந்தேன். அவர் எழுந்து கை கொடுத்தார். இங்கே அவசரம் என்றால் நல்ல வாய்ப்பு என்று அர்த்தமாம். வேறு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் மனுஷன். லீவும் கிடைக்கவில்லை, பார்க்கிறவர்களெல்லாம் ட்ரீட் வேறு கேட்டார்கள்.

கழக்கூட்டம் ஐ.டி. வளாகத்தில் சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலை. அங்கே கணக்குப் பிரிவில் இருந்த வெங்கடேஷைக் கல்யாணம் செய்துகொண்டேன். கரமனை அக்ரகாரத்துக்காரர். தலைமுறைகளுக்கு முன் எங்கள் தாமிரபரணிக் கரையிலிருந்தே கிளம்பி வந்த குடும்பம். ஒரே ஜில்லாக்காரர்கள்தானே, ஒத்துப்போகும் என்று நினைத்தேன். ஒத்துப்போகவில்லை. யாரும் யாரையும் அடிக்கவில்லை, யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. ஒருவர் குரல் கேட்டாலே அடுத்தவருக்கு அலுத்துப்போகிற நிலைமை வந்தது, பேசிப் பிரிந்துகொண்டோம்.

மகள் மீனு அப்பாவோடு இருப்பது என்று முடிவானது. அவள் ஸ்கூல் அந்தப் பக்கம். எனக்கு அப்போது நைட் ஷிப்ட். வெங்கடேஷைவிட நான் மிக அதிகமாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தேன். ஆகவே மகளின் செலவுக்கு மாதம் இவ்வளவு அம்மா தர வேண்டும், ஒன்றுவிட்டு ஒரு வாரக் கடைசியில் மகள் அம்மாவோடு இருப்பாள் என்று உத்தரவு. அத்தைக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. "எட்டி, பொம்பளப் பிள்ள நீ. ஆம்பளைக்கு நீ எதுக்குட்டி துட்டு குடுக்க?" என்பாள். "அவருக்கு இல்ல அத்தை, மீனுக்கு" என்று நூறு தரம் சொல்லியாயிற்று.

உண்மையைச் சொன்னால் அந்தப் பணத்தை அனுப்புவது எனக்குப் பிடித்திருந்தது. சம்பளம் வந்த அன்றே அனுப்பிவிடுவேன். அவள் உடுத்துவது, தின்பது, எழுதுவது எல்லாவற்றிலும் என் பங்கு இருக்கிறது என்று ஒரு நிமிர்வு.

2

இனி லேகாவைப் பற்றி எழுத வேண்டும். வெங்கடேஷ் இரண்டாவதாகக் கல்யாணம் செய்துகொண்ட பெண். ஆற்றிங்கல் பக்கம், மலையாளி. அரசாங்க ஆரம்பப் பள்ளியில் டீச்சர். நல்லவள். இதைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்! மாற்றாந்தாய் என்று ஊரைக் கூட்டியிருக்கலாம். மகளைத் திட்டினாள், சோறு போடவில்லை என்று ஒரு சின்னப் புகாராவது கிடைக்காதா என்று நான் ஏங்கியிருக்கிறேன். ஒன்றும் கிடைக்கவில்லை. மீனு அவளை லேகாம்மா என்று கூப்பிடுகிறாள். அந்தக் கடைசி 'அம்மா' என் காதில் முள்ளாகக் குத்தும்.

அந்த அக்ரகாரத் தெருவில் நான் இருந்த காலத்தில் என் தமிழ் அவர்களுக்கு வேடிக்கை. "வருதேன்", "சொல்லுதேன்" என்றால் வெங்கடேஷே சிரிப்பார். அவர்கள் வீட்டில் "வாங்கோ", "உக்காருங்கோ", "அதாக்கும் சங்கதி". அது என் நாக்கில் கடைசிவரை உட்காரவே இல்லை. தமிழே தெரியாமல் வந்த லேகா ஒரே வருஷத்தில் அதைப் பிடித்துவிட்டாள். மீனுவைக் கூட்டிப்போக நான் போனால், ஒரு காலத்தில் நான் கோலம் போட்ட வாசலில் நின்றுகொண்டு, "வாங்கோ சேச்சி, மீனு குளிச்சுண்டிருக்கா, இப்ப வந்துடுவா கேட்டோ" என்பாள். தமிழச்சி நான் வாசலில், தமிழ் பேசும் மலையாளத்தி உள்ளே. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மீனுவின் தலைமுடி முழங்கைக்குக் கீழே வளர்ந்துவிட்டது. செம்பருத்தி இலையைக் கசக்கி நுரைக்க வைத்துத் தலைக்குத் தேய்ப்பதை இங்கே தாளி என்பார்கள். லேகா வாரம் தவறாமல் தாளி தேய்த்துவிடுகிறாளாம். என்னிடம் இருந்தவரை அந்த முடி தோளைத் தாண்டவில்லை. நான் உடனே கடைக்குப் போய் இருப்பதிலேயே விலை கூடிய ஷாம்பூவை வாங்கி வந்தேன். மீனு முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்ல மணமாக்கும். ஆனா லேகாம்மா கெமிக்கல் வேண்டாம்னா" என்றாள். அந்த பாட்டிலை நான்தான் தீர்த்தேன். எனக்கு முடி கொட்டியதுதான் மிச்சம்.

மலையாளக் கவிதை ஒப்புவிக்கும் போட்டியில் மீனுவுக்குப் பரிசு கிடைத்தது. சொல்லிக்கொடுத்தது லேகா. முன் வரிசையில் நானும் உட்கார்ந்து கை தட்டினேன். பாதி புரியவில்லை. பக்கத்தில் லேகா ஒவ்வொரு வரிக்கும் உதடு அசைத்துக்கொண்டிருந்தாள். என் மகள் மேடையிலிருந்து பார்த்தது அவளுடைய உதட்டைத்தான்.

பொறாமை எங்கள் வீட்டில் வழிவழியாக வருவது. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு அக்கா பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்தால், அதை நாங்கள் தொட அம்மா விடமாட்டாள். "மொதல்ல நம்ம அதிரசத்தத் தின்னுட்டு அப்புறம் அதத் தொடு" என்பாள். வயிறு நிறைய அவளுடையதைத் தின்ற பிறகு மற்றவர்களுடையது எப்படி ருசிக்கும்? தின்று முடித்ததும் எது நல்லா இருக்கு என்று வேறு கேட்பாள். நாங்கள் சொல்ல வேண்டிய பதில் எங்களுக்குத் தெரியும்.

நான் அம்மாவை மிஞ்சினேன். எனக்குக் கிடைத்தது ஒன்றுவிட்டு ஒரு வாரக் கடைசி. அதை மீனுவால் மறக்க முடியாதபடி செய்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். சனிக்கிழமை என்றால் மால். ஷூ, வாட்ச், பை, பீட்சா, சினிமா. லேகா வாங்கிக் கொடுத்த பையை மாட்டிக்கொண்டு மீனு வந்தால், போகும்போது அதைவிட நல்ல பை அவள் தோளில் இருக்கும்.

3

இந்த நேரம் பார்த்து எங்கள் கம்பெனிக்கு வேலை கொடுத்துவந்த வெளிநாட்டுக்காரன் கையைக் கழுவினான். எங்கள் குழு மொத்தமும் வெளியே. சில மாதம் சும்மா இருந்துவிட்டு, அதே வளாகத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். சம்பளம் பழையதில் பாதிதான். இரண்டு அறை ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு நெடுஞ்சாலைக்குப் பின்னால் ஓர் அறையும் சமையல் மூலையும் உள்ள வீட்டுக்கு மாறினேன். லாரி போனால் டம்ளர் ஆடும். "ஆபீஸுக்கு நடந்தே போயிடலாம் பாரு, அதான் மாறினேன்" என்று மீனுவிடம் சொன்னேன். சம்பளம் குறைந்ததை அவளிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அது கரமனைக்குப் போகும். லேகாவின் சர்க்கார் சம்பளம் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே இருக்கும்போது என்னுடையது சரிந்தது என்று அவள் தெரிந்துகொள்வதா?

மாதச் செலவுத் தொகை மட்டும் பழைய சம்பளத்துக்குப் போட்ட கணக்கிலேயே நின்றது. அதைக் கட்டியபின் வாடகை கொடுத்தால் கையில் சில்லறைதான். ஆனாலும் சனிக்கிழமை மால் நிற்கவில்லை. கிரெடிட் கார்டு இருக்கிறதே.

வக்கீல் வேலாயுதம் நாகர்கோவில்காரர். கோர்ட் இருக்கும் வஞ்சியூரில் தமிழில் கேஸ் கேட்கக்கூடிய ஆள் என்று தோழி அனுப்பிவைத்தாள். என் கதையைக் கேட்டுவிட்டு, "இதுக்கு ஏன் இவ்வளவு நாள் முழிச்சுக்கிட்டு இருந்திய?" என்றார். "பிள்ளைச் செலவு உத்தரவுங்கது கல்லுல வெட்டினது இல்ல, கேட்டியளா. வருமானம் மாறினா மாத்தித் தரச் சொல்லிக் கேக்கலாம். ரெண்டு பேரு வருமானத்தையும் பாப்பாங்க, பிள்ளைக்கு என்ன வேணும்னு பாப்பாங்க. ஆனா ஒண்ணு, புது உத்தரவு வருகதுவரைக்கும் பழைய தொகையை நிறுத்திராதீங்க. நீங்களாக் குறைக்கவும் கூடாது."

மலையாளத்தில் எழுதிய மனுவைத் தமிழில் சொல்லிக் காட்டினார். கடைசியில், 'மேற்படித் தொகையை முழுவதும் ரத்து செய்ய வேண்டும். அல்லாத பட்சம் தற்போதைய வருமானத்துக்கு ஏற்பக் குறைக்க வேண்டும்' என்று இருந்தது.

"சார், நான் குறைக்கத்தானே கேட்டேன்? ரத்து எதுக்கு?"

"அது வழக்கம்மா. எல்லா மனுவுலயும் அப்படித்தான் எழுதுகது. நாம கூட்டிக் கேக்கணும், அவங்க இழுத்துப் பிடிக்கணும், நடுவுல வந்து நிக்கும். சாலைக் கடைத்தெருவுல நீங்க புடவை வாங்கினது இல்லையா?"

வாங்கியிருக்கிறேன். பாதி விலைக்குக் கேட்பேன், கடைக்காரன் நெஞ்சில் கை வைத்துக்கொள்வான், முக்கால் விலைக்கு வாங்கி வருவேன். எனவே கையெழுத்துப் போட்டேன்.

போடும்போது உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அவர்கள் இழுத்துப் பிடிப்பார்கள். வெங்கடேஷ் விட்டாலும் லேகா விடமாட்டாள். 'அதெப்படிக் குறைப்பாள்' என்று குதிப்பாள். அப்போது தெரிந்துவிடும், இவள் பாசமெல்லாம் என் பணத்தின் மேல்தான் என்று. அந்தக் குதிப்பைப் பார்க்க நான் ஆசையாகக் காத்திருந்தேன்.

4

எதிர்த்தரப்பின் பதில் வந்த அன்று வக்கீல் ஆபீசிலிருந்து போன். வேலாயுதத்தின் குரலில் கல்யாணக் களை.

"அம்மா, ஜெயிச்சாச்சு! ஒரு ஆட்சேபணையும் இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. ரத்துக்கே சம்மதம். என் சர்வீஸ்ல இப்படி ஒரு எதிராளியை நான் பாத்தது இல்ல."

அவர் மேலே படித்தார். 'குழந்தையின் முழுச் செலவையும் எதிர்மனுதாரரும் அவர் மனைவியும் மகிழ்வுடன் ஏற்கத் தயாராக உள்ளனர்.'

மகிழ்வுடன்! அவர் மனைவியும்!

ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். கீழே ஹைவேயில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. சந்தோஷப்பட வேண்டியவள் நான். அடுத்த மாதத்திலிருந்து கையில் காசு நிற்கும், கார்டு கடன் அடையும். எனக்கு வந்ததோ ஆத்திரம். என் மகள் ஸ்கூல் ஃபீஸை லேகா கட்டுவாளா? என் மகள் பரீட்சை எழுதும் பேனா லேகாவின் சம்பளத்தில் வாங்கியதா? முடி போயிற்று, மொழி போயிற்று, அம்மா என்ற பேரில் பாதியும் போயிற்று. மாதம் ஒருமுறை நான் மீனுவுக்கு அம்மா என்பதற்கு இருந்த ஒரே ஒரு பிடி, அதையும் மகிழ்வுடன் வாங்கிக்கொள்கிறாளாம்.

"சார், எனக்கு இது வேண்டாம்" என்றேன்.

"எது வேண்டாம்?"

"ரத்து வேண்டாம். நான் ஆட்சேபிக்கணும்."

"நீங்க போட்ட மனுவை நீங்களே ஆட்சேபிக்கவா?"

"ஆமா."

"அம்மா, வீட்டுக்குப் போய் நல்லாச் சாப்பிட்டுத் தூங்குங்க. நாளைக்குப் பேசுவோம்" என்றார்.

மறுநாளும் அதையேதான் சொன்னேன். மனுஷர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, எதற்கும் கவுன்சலரிடம் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நாள் வாங்கினார். குழந்தை விஷயமாக இருந்தால் ஜட்ஜிடம் போவதற்கு முன்னால் அங்கே உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள்.

5

கவுன்சலர் அறை வாசலில் பெஞ்சு. வெங்கடேஷ், லேகா, மீனு மூவரும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். மீனுவும் வரட்டும், அவளிடமும் கேட்க வேண்டும் என்று கவுன்சலர் சொல்லியிருந்தார். யூனிஃபார்மில், இரட்டைப் பின்னலோடு லேகாவின் தோளில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நிமிரக்கூட இல்லை.

லேகா டிபன் பாக்ஸைத் திறந்தாள். இட்லி, பக்கத்தில் மிளகாய்ப்பொடி. "சேச்சி, நேரமாகும். நீங்களும் ரெண்டு சாப்பிடுங்கோ."

"பசிக்கல" என்றேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வந்திருந்தேன்.

லேகாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு எங்கள் மூவரையும் உள்ளே அழைத்தார்கள். கவுன்சலர் நரைத்த முடியைக் கொண்டை போட்ட அம்மாள். மலையாளத்தில்தான் பேசினார், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"நீங்கள் ரத்து கேட்டீர்கள். அவர் சரி என்கிறார். இப்போது நீங்களே கூடாது என்கிறீர்கள். என்னம்மா பிரச்சினை?"

"எனக்கு வருமானம் குறைஞ்சுபோச்சு. முழுசாக் கட்ட முடியல. ஆனா கட்டாம இருக்க மாட்டேன்" என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன்.

வெங்கடேஷ் மெதுவாகச் சொன்னார்: "வடிவு, நோக்குக் கஷ்டம் வேண்டாமேன்னுதான் நாங்க சம்மதிச்சோம்."

"உங்க தயவு எனக்கு வேண்டாம்."

"தயவு இல்லை. லேகாதான் சொன்னா, சேச்சி பாவம்னு..."

சேச்சி பாவமாம்! நான் வாயைத் திறப்பதற்குள் மீனு பேசினாள். கவுன்சலரைப் பார்த்து, மலையாளத்தில், டீச்சரிடம் புகார் சொல்கிற குரலில்.

"அம்மைக்கு பைசா இல்லான்னு ஆரு பறஞ்ஞு? கழிஞ்ஞ தவண கூடி மாலில போயி. ஷூ வாங்கிச்சு. சினிமா கண்டு."

அம்மாவிடம் காசு இல்லையென்று யார் சொன்னது, போன தடவைகூட மாலுக்குப் போய் ஷூ வாங்கினோமே, சினிமா பார்த்தோமே என்கிறாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினாள்.

"ஊர் சுத்தறதுக்கெல்லாம் இருக்கு. எனக்கு மாசாமாசம் தரதுக்கு மட்டும் இல்லையா அம்மா? என்னை வேண்டாம்னா நேரே சொல்லு. எதுக்குக் கேஸு?"

அழுகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை. அது இன்னும் மோசம். இத்தனை நாளும் லேகா என்ன நினைப்பாள், லேகா என்ன செய்வாள் என்றே இருந்துவிட்டேன். 'முழுவதும் ரத்து செய்ய வேண்டும்' என்ற வரி வெங்கடேஷின் வீட்டு மேஜையில் கிடந்திருக்கும், அதை மீனுவும் படித்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பேரத்துக்காக எழுதியது என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது? அவளைப் பொறுத்தவரை, கையில் காசை வைத்துக்கொண்டே அம்மா அவளை ரத்து செய்யச் சொல்கிறாள்.

மலையாளம், கவுன்சலர், வெங்கடேஷ் எல்லாம் மறந்துபோனது. என் ஊர்ப் பேச்சு தானாக வந்தது.

"இல்லட்டி. சத்தியமா இல்ல. வேலை போயிட்டு. இப்ப பாதிச் சம்பளந்தான் வாங்குதேன். அந்த ஷூவெல்லாம் கடன்ல வாங்கினது. உங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. லேகா ஒண்ணு வாங்கிக் குடுத்தா நான் ரெண்டு வாங்கிக் குடுக்கணும்னு இருந்தேன். எனக்குப் பொறாமை. அவ மேல பொறாமை. போதுமா?"

விவாகரத்தின்போதுகூட வெங்கடேஷ் முன்னால் நான் இவ்வளவு உடைத்துப் பேசியதில்லை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். மீனு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலை போச்சுன்னு எங்கிட்ட ஏன் சொல்லல்லை?" என்றாள். அதட்டல்தான். ஆனாலும் தமிழில் அதட்டினாள், என்னைப் பார்த்து அதட்டினாள்.

கவுன்சலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த அறையில் அவர் இதைவிட மோசமானதையெல்லாம் பார்த்திருப்பார். "இரண்டு பேரும் கேளுங்கள்" என்றார். "இது அம்மாவின் பணமும் இல்லை, அப்பாவின் பணமும் இல்லை. குழந்தையின் உரிமை. வேண்டாம் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்க அப்பாவால் முடியாது. அது அவருடையது இல்லையே. எவ்வளவு என்பதை மட்டும்தான் நாம் பேசலாம்."

அதன் பிறகு கணக்கைப் பார்த்தார்கள். என் இப்போதைய சம்பளம், அவருடைய சம்பளம், மீனுவின் செலவு. என் வருமானத்துக்குத் தக்க ஒரு பங்கு, வருமானம் ஏறினால் நானே தெரிவித்து அந்தப் பங்கையும் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். ஜட்ஜ் அதையே உத்தரவாக்கினார். வேலாயுதம் என்னிடம், "நல்ல முடிவுதான். ஆனா ரத்தே கிடைச்சிருக்கும்" என்று வருத்தப்பட்டுக்கொண்டே போனார்.

அன்று என் நாள் இல்லை. மீனு அவர்களோடுதான் ஆட்டோவில் ஏறினாள். லேகா அவள் பின்னலைச் சரிசெய்துவிட்டாள். நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

6

அந்தச் சனிக்கிழமை கரமனைக்குப் போய் அவளை அழைத்துக்கொண்டு, கிழக்கேகோட்டையில் பஸ் மாறிக் கழக்கூட்டம் வந்தோம். வழியெல்லாம் மொபைலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மால் இருக்கும் ஸ்டாப் போயிற்று. இருவரும் இறங்கவில்லை.

"இன்னைக்கு எங்கே?" என்றாள்.

"எங்கயும் இல்ல. வீட்டுல குழம்பு வைக்கப் போறேன்."

"உனக்கு வைக்கத் தெரியுமா?"

தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். கேன்டீனிலும் பார்சலிலும் வருஷங்கள் ஓடிவிட்டன. அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டுக் கேட்டு, சுண்டைவத்தல் போட்டுப் புளிக்குழம்பு வைத்தேன். மீனு அப்பளம் பொரித்தாள். இரண்டு அப்பளம் கருகியது. லாரி போனபோது டம்ளர் ஆடியதைப் பிடித்துக்கொண்டு, "இது நல்ல தமாஷாக்கும்" என்றாள். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வாயில் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உப்பு கரித்தது. அவள் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, ஒரு காரியம் சொல்லட்டா? கோபப்படக் கூடாது" என்றாள்.

"சொல்லு."

"ஞாயித்துக்கிழமை ஆத்துக்குப் போனதும் லேகாம்மா கேப்பா. அம்மா எங்கே அழைச்சுண்டு போனா, என்ன வாங்கித் தந்தா, எத்ர ரூபான்னு. நான் சொல்லுவேன். புதன்கிழமைக்குள்ள அதே மாதிரி இன்னொண்ணு வந்துடும். நீ வாட்ச் வாங்கினா அவளும் வாட்ச். நீ ஷூன்னா அவளும் ஷூ. நேக்கு ரெண்டு காலுதானே இருக்கு? இத்தனை ஜோடி வச்சுண்டு நான் என்ன பண்றது?"

நான் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டேன்.

"அவளா கேப்பா?"

"எல்லாத் தடவையும்."

நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த நிமிஷம் வந்த சந்தோஷம் முதல் சம்பளம் வாங்கிய அன்றுகூட வரவில்லை. அந்த இட்லிக்காரி, அந்த மகிழ்வுடன்காரி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் காத்திருந்து விலை விசாரிக்கிறாள்! ரத்துக்கு அவள் ஏன் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தாள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. மாதாமாதம் என் பணம் அந்த வீட்டுக்குள் வருவது அவளுக்கும் முள்தான்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு மீனு, "சிரிக்காதே அம்மா. ரெண்டு பேரும் நிறுத்துங்கோ" என்றாள். பெரிய மனுஷி மாதிரி.

"நிறுத்திட்டேன்" என்றேன்.

"இந்தத் தடவை கேட்டா என்ன சொல்லட்டும்?"

ஒன்றும் வாங்கித் தரவில்லை என்று சொல்லச் சொல்லியிருக்கலாம். அதுதான் நிறுத்துவதற்கு வழி. ஆனால் மனசு கேட்கவில்லை.

"குழம்பு வச்சான்னு சொல்லு" என்றேன். கொஞ்சம் இருந்து, "நல்லா இருந்துச்சுன்னும் சொல்லு."

"உப்பு கூடுதலாக்கும்."

"தெரியுது."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி தண்ணீர் குடித்தாள். பிறகு தட்டில் மிச்சமிருந்த குழம்புச் சோற்றையும் வழித்துத் தின்றாள்.

மறுநாள் சாயங்காலம் கரமனை பஸ் ஸ்டாப்புக்கே லேகா வந்திருந்தாள். குடை பிடித்துக்கொண்டு, மீனுவின் கையைப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். புதிதாக ஒன்றும் இல்லை. நான் நிற்கிறேன் என்பதுகூட நினைவில்லாமல், "அம்மா என்ன வாங்கித் தந்தா மோளே?" என்று கேட்டேவிட்டாள்.

"ஒண்ணும் இல்லை" என்றாள் மீனு. "அம்மாவே புளிக்குழம்பு வச்சா. லேகாம்மா, அப்படி ஒரு குழம்பு நான் சாப்பிட்டதே இல்லை. சூப்பராக்கும்."

என் மகள், எனக்காக, கண் இமைக்காமல் பொய் சொன்னாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பக்கூட இல்லை. லேகாவின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே நின்றது. கண் மட்டும் மாறியது. அந்த மாற்றம் எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனையோ சனிக்கிழமை கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"அப்படியா? நன்னாருக்கே" என்றாள் லேகா. பிறகு என்னிடம், எதையோ சாதாரணமாகக் கேட்பதுபோல், "சேச்சி, அதுல என்ன போட்டேள்?" என்றாள்.

"சுண்டைவத்தல்" என்றேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தெற்கே திருவல்லம் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. நாளைக்குக் கரமனையில் சுண்டைவத்தல் குழம்புதான், சந்தேகமே இல்லை. மீனு மறுபடியும் அதையே சாப்பிட வேண்டும், பாவம். அவள் வைத்தால் உப்பும் சரியாகத்தான் இருக்கும். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.